விசாலத்தின் பூனா

சிவாஜிநகரில் கிளம்பிய ரயில் வேகம் எடுப்பதற்குள், எதிர் இருக்கையில் இருந்த பெண் கேட்காமல் கொள்ளாமல் விசாலத்தின் மடியில் இரண்டு கை பச்சைப் பட்டாணியை அள்ளிப் போட்டாள். விசாலம் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அந்தப் பெண் தன் மடியில் விரித்திருந்த செய்தித்தாளிலிருந்து ஒரு காயை எடுத்து, கட்டைவிரலால் நெம்பிப் பிளந்து, மணிகளை எவர்சில்வர் டப்பாவுக்குள் உருட்டிவிட்டுக் காட்டினாள். பக்கத்தில் ஒருத்தி வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜன்னலோரத்தில் இருந்தவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் ராத்திரிச் சமையலில் பாதியை அந்தப் பெண்கள் பெட்டியிலேயே முடித்துவிடுவார்கள் என்பதை விசாலம் சில மாதங்களாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்ததோடு சரி. கதவோரமாக நின்று, கைப்பையை மாரோடு அணைத்துக்கொண்டு, சிஞ்ச்வட் வரும்வரை யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காமல் வருவது அவள் வழக்கம். அன்றைக்குத்தான் உட்கார இடம் கிடைத்திருந்தது.

பட்டாணி உரிப்பதற்கு மராட்டி தெரிந்திருக்க வேண்டியதில்லை. காசர்வாடி தாண்டுவதற்குள் மடி காலியாகிவிட்டது. சிஞ்ச்வட்டில் இறங்குவதற்காக எழுந்தபோது அந்தப் பெண்ணும் எழுந்தாள். நல்ல உயரம், அதற்கேற்ற பருமன். கூட்டத்தைத் தோளால் விலக்கி வழி செய்துகொண்டு, திரும்பிப் பார்த்து, வா போகலாம் என்பதுபோல் தலையை அசைத்து, "சலா, தாயி" என்றாள்.

மராட்டியில் அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள் என்று விசாலத்துக்குப் பிறகுதான் தெரியும். தென்காசிப் பக்கத்தில் மாங்காய் விற்கிறவளிலிருந்து பஸ்ஸில் இடம் கேட்கிறவள் வரை யாருக்கும் யாரும் தாயிதான். 'என்ன தாயி, சௌக்கியமா', 'செத்த தள்ளி இரு தாயி' என்று காது நிறையக் கேட்டு வளர்ந்த சொல். ஆயிரத்துச் சொச்சம் மைல் தள்ளி, ஒரு வார்த்தை புரியாத ஊரில், பிளாட்பாரத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தன் சுருக்குப்பையைத் திறந்து, எதற்கோ வைத்திருந்த தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்து நீட்டினாள். விசாலம் அழுதுகொண்டே சிரித்தாள். மந்தாகினியோடு பழக்கமானது இப்படித்தான்.

விசாலம் தென்காசியில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவள். கணவர் அருணாச்சலம் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். ஒரே மகள் ஸ்ரீவித்யா. அதிகாரிப் பதவி உயர்வு இரண்டு தடவை வந்து, வெளியூர் போகவேண்டுமே என்று விசாலம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றாவது தடவை வந்தபோது மகள் கோயம்புத்தூரில் பொறியியல் சேர்ந்து விடுதிக்குப் போயிருந்தாள். அருணாச்சலம்தான் பிடிவாதம் பிடித்தார். "இன்னும் எத்தன வருசத்துக்கு அந்த ஸ்டூல்லயே இருந்து ரசீதுல சீல் குத்தப் போற? எழுது. மூணு வருசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றார். மதுரை கிடைக்கும், மிஞ்சினால் சென்னை என்று இருவரும் நினைத்திருந்தார்கள். உத்தரவில் பூனா என்று இருந்தது. தொண்ணூற்றாறு ஜூனில் அவரே கூட வந்து, அதே வங்கிக்கு நிக்டி என்ற புறநகரிலிருந்து வந்துபோகும் மகாதேவன் என்ற தமிழரின் உதவியோடு, சிஞ்ச்வட்டில் ஒரு குடியிருப்புச் சொசைட்டியின் பின்பக்கக் கட்டடத்தில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது கேஸ் அடுப்பை எப்படி மூடுவது என்று அவளுக்கே சொல்லிக் கொடுத்தார். இருபது வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டவள் அவள்.

அப்பா வீட்டிலிருந்து கணவன் வீட்டுக்கு வந்தவள். நாற்பத்து மூன்று வயதுவரை யாருமில்லாத வீட்டின் பூட்டை அவள் திறந்ததே இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க, வங்கியிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நடுவீட்டில் நிற்பாள். பிறகு ஒரு ஆழாக்கு அரிசி. அந்த அளவுக்குச் சோறு வடிக்கவே அவளுக்குத் தெரியவில்லை; தினமும் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போவாள். "எப்படி இருக்க விசாலம்?" என்று அவர் கேட்டதும் அழுகைதான் வரும். அவர், "நான் நல்லாருக்கேன், எனக்கென்ன கொறச்சல், நீ ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஊருக்குப் பக்கமாக மாற்றல் கேட்டு முதல் மாதமே மனுப் போட்டுவிட்டாள். இரண்டு வருஷம் முடியாமல் பேச்சே இல்லை என்றார்கள். மகாதேவனின் மனைவி பாமா அவளைப் பார்க்கும்போதெல்லாம், "எப்படித்தான் தனியா இருக்கீங்களோ மாமி, நானா இருந்தா பைத்தியம் பிடிச்சிடும்" என்று உச்சுக்கொட்டுவாள். அதைக் கேட்டுவிட்டு வரும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கனமாக இருக்கும்.

பட்டாணிக்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாம் மாறியது. மந்தாகினி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தாள். அடுத்த தெருவில்தான் வீடு. தொண்டை பெரிது, நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுவதால் வெளியே வந்ததும் கத்தித் தீர்க்கவேண்டியிருக்கிறது என்று அவளே சொல்வாள். காலை ரயிலில் முதல் ஆளாக ஏறி, விசாலத்துக்காகத் தன் கைப்பையைப் போட்டு இடம் பிடித்து வைத்தாள். அந்தக் கூட்டத்தில் நர்ஸ் ஒருத்தி, ஆசிரியைகள், கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவள் என்று ஏழெட்டுப் பேர். பெட்டியிலேயே பிறந்தநாள் கொண்டாடுவார்கள். சங்கராந்திக்கு எள்ளுருண்டையைக் கையில் வைத்து, இனிப்பாகப் பேசு என்பார்கள். விசாலம் வாரம் நான்கைந்து சொல்லாக மராட்டியைப் பொறுக்கிச் சேர்த்தாள். சமையல் பண்டங்களின் பெயர்கள் முதலில் வந்தன. பிறகு வசவு. அவள் முதன்முதலாக இலக்கணப் பிழை இல்லாமல் பேசிய வாக்கியம், வழியை மறித்து நின்ற ஒருத்தியைப் பார்த்து, 'கதவை உன் மாமியாரா சீதனம் கொடுத்தாள்' என்று கேட்டது. பெட்டியே கைதட்டியது.

ஒவ்வொன்றாகச் சொன்னால் எல்லாம் அற்பமான விஷயங்கள்தான். ஜூன் ஜூலையில் பூனாவில் நூல் நூலாக விழும் மழை தென்காசிச் சாரலேதான் என்று இரண்டாம் வருஷம்தான் கவனித்தாள். அதே மேற்குக் காற்று, அதே ஈர வாடை, துணிகள் காயாமல் வீட்டுக்குள் தொங்கும் அதே அலுப்பு. குளிர்காலத்தில் கோதுமையை டப்பாவில் கொண்டுபோய் மாவு மில்லில் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பாள். அரைத்த மாவு சுடச்சுட இருக்கும். டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வீடுவரை நடந்து வரும்போது அந்தச் சூடு புடவை வழியே உள்ளே இறங்கும். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். கடைக்காரன் எந்தக் கலர் என்று கேட்டபோது வழக்கம்போல் பக்கத்தில் திரும்பினாள், கேட்பதற்கு யாரும் இல்லை. அரக்குச் சிவப்பு என்று அவளே சொன்னாள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்தால், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக் காலைத் திண்டில் தூக்கி வைத்துக்கொண்டு, எதிர்க் கட்டடத்தில் மிளகாய் காயப்போடுகிறவளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காபி கேட்க யாருமில்லை. யாரோ வந்துவிடுவார்கள் என்று எழுந்திருக்க வேண்டியதில்லை. பசித்தால் அவலைத் தாளித்து, கிண்ணத்தோடு நின்றுகொண்டே சாப்பிடுவாள். இதற்குப் பெயர் சந்தோஷம் என்று அவள் நினைக்கவில்லை. பழகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோதுதான் அது தெரிந்தது. இரண்டு நாள் ரயில் பயணத்துக்குப் பிறகு அதிகாலையில் சிஞ்ச்வட் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரன், எங்கே போகவேண்டும் என்று கேட்டான். "வீட்டுக்கு" என்று மராட்டியில் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, அது சரி, யார் வீட்டுக்கு என்றான். விசாலம் தெருப் பெயரைச் சொன்னாள். ஆட்டோ ஓடத் தொடங்கிய பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது. முந்தாநாள் தென்காசியில், கணவரும் மகளும் வாசலில் நிற்க, அவள் கிளம்பிய இடத்துக்கு என்ன பெயர் என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் கஷ்டமாகிவிட்டன. ஒரு தடவை, ரயில் கூட்டத்தாரோடு லோணாவாலா மலைக்குப் போய்ச் சுற்றி அலைந்து, சுட்ட சோளம் தின்று, மந்தாகினி வழுக்கி விழுந்ததற்கு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, மாலையில்தான் பூத்துக்குப் போனாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. எண்ணைச் சுழற்றிவிட்டுக் கண்ணாடித் தடுப்பில் பார்த்தபோது அவள் முகம் தெரிந்தது. தொண்டையைச் செருமி, உதட்டை இறுக்கி, முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டாள். "எப்படி இருக்க விசாலம்?" என்று அவர் கேட்டார். "இருக்கேன்" என்றாள். குரல் சரியாக வந்தது. "ஏன் காலைல பேசல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" "தலைவலி. படுத்துட்டேன்." அவர் வழக்கம்போல், கொஞ்சம் பொறுத்துக்கோ, வருஷம் ஓடிரும், நான் நல்லாருக்கேன் என்றெல்லாம் சொன்னார். வெளியே வந்தபோது பூத்துக்காரன் அவளை வினோதமாகப் பார்த்தான். சிரித்துக்கொண்டே உள்ளே போய், துக்க வீட்டில் பேசுவதுபோல் பேசிவிட்டு வந்தவளை அவன் வேறு எப்படிப் பார்ப்பான்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் பள்ளிக்கூட விடுமுறைக்கு அருணாச்சலம் பூனாவுக்கு வந்தார். கையில் நான்கு பைகள். சுண்டவற்றல், நல்லெண்ணெய், தட்டிப் போட்ட வடகம், கருப்பட்டி, புளி. அவள் பட்டினி கிடப்பதுபோல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சமையலறை அலமாரியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். "இது என்ன மாவு?" "சோள மாவு. ரொட்டி தட்டுவேன்." "நீயா?" அன்று மத்தியானம் அவள் ரொட்டியும் நிலக்கடலைத் துவையலும் செய்து போட்டாள். அவர் மெல்ல மென்று, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "வத்தக்குழம்பு வைக்கலாமே, நான்தான் எல்லாம் கொண்டாந்திருக்கேனே" என்றார்.

ஊரில் தெருவில் இறங்கினால் பழைய மாணவர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் சொல்லும் மனிதர். இங்கே காய்கறிக்காரியிடம் விசாலம் ஏதோ சொல்ல, அவள் ஏதோ திருப்பிச் சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கையில், அவர் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். "என்ன சொல்லுதா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றாள். உண்மையிலேயே ஒன்றுமில்லைதான். ஆனால் தமிழில் சொன்னால் அதில் சிரிக்க எதுவும் இருக்காது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அன்று மாலை மந்தாகினி வந்து, வாய் நிறையப் பேசி, அவருக்கு எதுவும் புரியவில்லை என்று தெரிந்தும் விடாமல் அவரிடமும் பேசி, போகும்போது அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். 

அடுத்த நாள் அவள் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். காலை ரயில். அவரைப் பெண்கள் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏற்றிவிட்டாள். "சிவாஜிநகர்னு போர்டு இருக்கும். அதுக்கு முந்தின ஸ்டேஷன் கட்கி. கட்கி வந்ததுமே வாசலுக்கு நகந்துருங்க, இல்லன்னா எறங்க முடியாது" என்று படித்துப் படித்துச் சொன்னாள். "நான் என்ன சின்னப் பிள்ளையா" என்றார். சிவாஜிநகரில் இறங்கி அவள் அடுத்த பெட்டியைப் பார்த்தபோது, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்ட நெரிசலுக்குள் அவருடைய வெள்ளைச் சட்டைக் கை ஒன்று மேலே தெரிந்தது. அவள் ஓடினாள். ரயில் நகர்ந்துவிட்டது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர் முகம் ஒரு கணம் தெரிந்தது. அந்த முகத்தில் அப்படியொரு திகைப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த வண்டியைப் பிடித்து பூனா ஸ்டேஷனுக்குப் போவதற்குள் அவளுக்கு என்னென்னவோ தோன்றியது. விலாசம் எழுதிக் கொடுத்திருக்கலாம். வங்கி எண்ணைச் சொல்லியிருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், சட்டைப்பையில் மாத்திரை இருக்கிறதா? ஒவ்வொரு பிளாட்பாரமாக, மேம்பாலம் ஏறி இறங்கித் தேடினாள். குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்கக் கசங்கியிருந்தது. இடது காலில் செருப்பு இல்லை. வெறுங்காலை மற்றக் காலுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் போய், காலைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

விசாலம் மூச்சு வாங்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் எதிரே நின்ற சரக்கு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் இதுலயா போற?"

"ஆமா."

"அழுதுக்கிட்டேவா போற?"

பரிவோடுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியை அவளால் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்துகொண்ட முகம் இன்றைக்கு வரவில்லை.

"இல்ல" என்றாள். "சிரிச்சுக்கிட்டுத்தான் போறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"மொதல்ல நெசமாத்தான் அழுதேன். சத்தியமா. பொறவு அழுகயே வரல. சந்தோசமா இருக்கேன்னு சொன்னா நீங்க வருத்தப்படுவியளோன்னு, அதுக்காக அழுதேன்."

ஒலிபெருக்கியில் ஏதோ வண்டி தாமதம் என்று மூன்று மொழிகளில் சொன்னார்கள். அதில் தமிழ் இல்லை. அவர் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடைத்தாள் திருத்தித் திருத்தி வலது கையின் நடுவிரலில் காய்ப்பு விழுந்திருக்கும். அதைத் தடவிக்கொண்டே, "நான் அங்கன நல்லா இல்ல விசாலம்" என்றார்.

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

"போன்ல நல்லாருக்கேம்பேன். வேற என்ன சொல்ல? நீ இங்கன அழுதுக்கிட்டு கெடக்க, நானும் அழுதா நல்லாவா இருக்கும்? பள்ளிக்கூடம் விட்டு வந்தா கதவத் தொறக்கவே பிடிக்கல. கோயில் வாசல்ல போயி இருந்துட்டு, அங்க நட சாத்தின பொறவு வாரேன். ராத்திரி எதாவது வாங்கித் திங்கேன். அது கெடக்கு சவம்." கொஞ்ச நேரம் கழித்து, "எழுதுன்னு ஒன்னய அனுப்புனவன் நான்தானே" என்றார்.

விசாலம் அவர் கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள். பொது இடத்தில் அவர்கள் அப்படிச் செய்ததில்லை. இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை என்பது நினைவு வந்து, பிடித்துக்கொண்டாள். அவர் விலக்கிக்கொள்ளவில்லை. யாருமில்லாத வீட்டுக்குள் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தான் அதிலிருந்து வெளியே வந்த அதே சமயத்தில் இவர் அதற்குள் போயிருக்கிறார். அதை நினைத்தபோதும்கூட, நாளைக் காலை ரயிலில் மந்தாகினி பிடித்து வைத்திருக்கும் இடம் அவள் மனத்திலிருந்து போகவில்லை. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்து அவர் காலடியில் போட்டாள். அவர் மிச்சமிருந்த ஒற்றைத் தோல்செருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அவர் ஊருக்குக் கிளம்பும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மீதி நாட்களில் அவர் கொஞ்சம் இலகுவாக இருந்தார். அவள் வேலைக்குப் போன பிறகு சந்தைக்குப் போய், விரலைக் காட்டிக் காட்டிக் கத்தரிக்காய் வாங்கி வந்து, அதில் பாதி சொத்தை என்று அவள் சொன்னபோது சிரித்தார்.

நவராத்திரி முடிந்ததும் மாற்றல் உத்தரவு வந்தது. தென்காசிக் கிளைக்கே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் மேலாளர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலில் போய்வந்தாள். மந்தாகினி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பெரிய தொண்டைக்காரி, அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"நீ கேட்டதுதானே?"

"கேட்டவ வேற ஒருத்தி."

"வீட்டுக்காரர்?"

விசாலம் உத்தரவைக் கைப்பைக்குள் திருப்பி வைத்தாள். மந்தாகினி மேற்கொண்டு கேட்கவில்லை. போ என்றோ இரு என்றோ அவள் கடைசிவரை சொல்லவில்லை என்பதைப் பிற்பாடு விசாலம் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். சொல்லியிருந்தால் அவள் பேரில் பழியைப் போட்டுவிட்டு இருந்திருக்கலாம்.

அந்த வாரம் முழுக்க விசாலம் சரியாகத் தூங்கவில்லை. கோயில் வாசலில் நடை சாத்தும்வரை உட்கார்ந்திருக்கும் மனிதர் கண்ணுக்குள் வந்தார். திரும்பிப் போனால் அவருக்கு வெளிச்சமான வீடு கிடைக்கும். அவளுக்கு என்ன கிடைக்கும் என்று யோசிக்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் யோசித்தாள். இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஒரு தடவைகூட அதை அவள் யோசித்ததில்லை. கடைசியில், முழு மூன்று வருஷத்தையும் முடித்துவிட்டே போவதாக எழுதிக் கொடுத்தாள். இதை விட்டால் அடுத்து எப்போது வருமோ, சொல்ல முடியாது என்று மேலாளர் எச்சரித்தார். தெரியும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூத்தில் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு பேசினாள். உத்தரவு வந்ததைச் சொன்னாள். எழுதிக் கொடுத்ததையும் சொன்னாள். "கோவமா இருக்கா?" என்று கேட்டாள்.

  அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் கேட்டது, தென்காசித் தெருவின் லாரி.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். "டிசம்பர்ல அங்கன குளிரும்பியே?"

"ஆமா."

"அரையாண்டு லீவுக்கு வாரேன். கம்பளிக் குல்லா வாங்கணுமோ?"

"இங்கயே கிடைக்கும். தனியா வந்திருவியளா?"

"வந்திருவேன். ஒத்தச் செருப்போட வந்தாலும் வந்து சேந்திருவேன்."

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவர் அவர்தான்.

மேலாளர் பயமுறுத்தியதுபோலவே மாற்றல் இழுத்தடித்து, இரண்டாயிரத்தில்தான் விசாலம் தென்காசிக்குத் திரும்பினாள். அங்கேயே ஓய்வும் பெற்றாள். மந்தாகினியிடமிருந்து சில வருஷம் தொலைபேசி வந்துகொண்டிருந்தது. அவளும் ஓய்வு பெற்று மகனோடு நாசிக் போன பிறகு அது குறைந்தது. ஸ்ரீவித்யா மென்பொருள் வேலைக்குச் சேர்ந்து, எங்கெங்கோ இருந்துவிட்டு, இப்போது அதே பூனாவில், ஹிஞ்சேவாடியில் இருக்கிறாள். கம்பெனி காரில் போகிறாள். நெரிசலில் மாட்டிக்கொண்டு அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டு, "ஊராம்மா இது? எப்படித்தான் இங்க இருந்தியோ. எனக்கு ஒரு நாள் போறது ஒரு யுகமா இருக்கு" என்பாள்.  "பக்கத்து ஃப்ளாட்ல யாரு இருக்கா?" என்று விசாலம் ஒரு தடவை கேட்டாள். "தெரியலையே" என்றாள் மகள். ஃபோனை வைத்த பிறகு விசாலம் வெகுநேரம் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே அருணாச்சலம் காபி போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தனி வருஷங்களில் அவர் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், அதைப் பிறகு விடவில்லை.

பூனா என்று யாராவது சொன்னால் அவளுக்கு நினைவுக்கு வருவது அந்த டிசம்பர்தான்.

அவர் சொன்னபடியே வந்துவிட்டார். வந்த மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது, தானும் ஸ்டேஷன்வரை வருவதாகச் சொன்னார். "ரயில்ல ஏற மாட்டேன், பயப்படாத" என்றார். வேட்டிக்கு மேலே அவளுடைய அரக்குச் சிவப்பு ஸ்வெட்டரை மாட்டியிருந்தார், கை குட்டையாக இருந்தது. தலையில் பச்சைக் கம்பளிக் குல்லா. தண்டவாளம் தெரியாத அளவுக்குப் பனி மூட்டம். அவள் டிபன் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை வேலைக்கு வழியனுப்பியவள் அவள். அவர் அவளை வழியனுப்புவது இதுதான் முதல் தடவை.  மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் வெளிச்சமும் பிறகு ரயிலும் வந்தன. பையை அவளிடம் நீட்டி, "சாப்பிட மறந்துராத" என்றார். அவள் ஏறிக்கொண்டாள். முன்னாலேயே இடித்து ஏறியிருந்த மந்தாகினி கதவோரம் வந்து, அவள் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, பிளாட்பாரத்தைப் பார்த்து உரத்த குரலில் மராட்டியில் என்னமோ சொன்னாள். உள்ளேயிருந்த பெண்களெல்லாம் ஜன்னலுக்கு வந்து சிரித்தார்கள். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஒரு கணம் தயங்கிவிட்டு, கையைத் தூக்கி, விசாலத்துக்கு என்றில்லாமல் அந்தப் பெட்டி முழுவதற்கும் ஆட்டினார். ரயில் நகர்ந்தது. முகம் மறைந்தது, வேட்டி மறைந்தது. வெள்ளைப் பனிக்குள் ஒரு பச்சைக் குல்லாவும் அதற்கு மேலே ஆடிக்கொண்டிருந்த சிவப்புக் கையும் மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்துகொண்டிருந்தன.